மூன்று நூலும் பத்தரை மில்லிமீற்றரும்

அன்றைக்கு அந்த ஹாட்வெயார் கடைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். கடை முதலாளி. காசு மேசையில் அவருடைய மகள். கண்டாவளையிலிருந்து வந்த அக்கா. அவர்தான் எனக்கு உழவு இயந்திரப் பெட்டி கட்டத் தருவதாகச் சொன்னவர். என் மனைவி. நான். பிறகு அவர். அவர் என்றால், பத்து வருடத்துக்கு மேல் நான் வேலை செய்த பட்டறையின் சொந்தக்காரர். வேறு ஒருவரும் இல்லை. பின்னாளில் இந்தக் கதையை ஊரில் சொல்லித் திரிந்தவர்களில் பாதிப்பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொன்னார்கள். நிற்கவில்லை. யார் சிரித்தது, யார் சிரிக்காதது என்று எனக்குத் தெரியும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் பெட்டி என்றால் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டி. நெல் மூட்டை, உரம், மணல், கலியாண வீட்டுக் கதிரைகள், எல்லாம் அதில்தான் போகும். அடியில் இரும்புச் சட்டம், மேலே பாலைப் பலகை, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது பத்து மில்லிமீற்றர் போல்ட். பெட்டி கட்டுகிறவன் மரத்தையும் துளைக்க வேண்டும், இரும்பையும் துளைக்க வேண்டும், இரண்டு ஓட்டையும் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஒரு மயிரளவு பிசகினாலும் போல்ட் இறங்காது. இறங்கப் பண்ணினால் பிறகு ஆடும்.

நான் அவருடைய பட்டறையை விட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. முரசுமோட்டையில் வீட்டுக்கு முன்னால் நாலு தூண் நட்டு, தகரம் போட்டு, அதைப் பட்டறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி சீட்டு எடுத்த காசில் துளைக்கிற மெசின் வாங்கியாகிவிட்டது. அதில் பூட்டித் துளைக்கிற பிட் செட் ஒன்றுதான் மிச்சம். கண்டாவளை அக்காவின் பெட்டி என் முதல் வேலை. அது பிழைத்தால் திரும்ப அவருடைய கேற்றில் போய் நின்று வேலை கேட்க வேண்டும். 

நான் பயந்த ஆள். கதவைப் பூட்டிவிட்டு, தெருவுக்கு வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டுப்போனதால், எதை வாங்கினாலும் என்னை ஏமாற்றிவிடுவார்கள் என்ற எண்ணம் கூடவே வரும். ஆகவே முதலாளி மூன்று செட் எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்ததும், நான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் செட் தங்க நிறம். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாப்பிள்ளை மோதிரம் போல் மினுங்கியது. மரம், இரும்பு, சுவர் மூன்றுக்கும் என்று மேலே படம் போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் என்று ஒருவன் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். முதலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிள் சாவியால் ஒரு பிட்டின் தண்டில் மெல்லச் சுரண்டினேன். தங்கம் கழன்று சாவியில் ஒட்டியது. இரண்டாவது கறுப்பு. தகரப் பெட்டி. ஒன்றில் தொடங்கிப் பத்து வரை, அரை அரை மில்லிமீற்றராக ஏறும். மூன்றாவதும் அதே கறுப்புத்தான், ஆனால் பதின்மூன்று வரை போகும். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கறுப்புப் பிட்டுகளைக் கண்ணாடியில் படுக்க வைத்து ஒவ்வொன்றாக உருட்டினேன். நேரான பிட் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது நொண்டும். பிறகு நுனியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வெட்டுகிற இரண்டு உதடும் ஒரே நீளமா என்று பார்த்தேன். ஒரு உதடு நீண்டிருந்தால் பத்து என்று எழுதியிருக்கிற பிட் பத்தைவிடப் பெரிய ஓட்டை போடும். தண்டில் இருக்கிற இலக்கம் இரும்பில் குத்தியதா, மையால் அடித்ததா என்று விரலால் தேய்த்தும் பார்த்தேன்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “தம்பி, பிட் வாங்க வந்தனீரோ, பொம்பிளை பாக்க வந்தனீரோ?” என்றார்.

அது பகிடி. அதற்கு நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் அவர், என் பழைய பட்டறைக்காரர், வெல்டிங் குச்சி வாங்க உள்ளே வந்தார். வந்த கால் நிற்கவில்லை, வாய் தொடங்கிவிட்டது.

“உவன் சீலை எல்லோ எடுக்கிறான் முதலாளி. கரை பாத்து, முந்தானை பாத்து, பேந்து வீட்டை போய்க் கட்டியும் பாப்பான்.”

நான் பிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னட்ட மூண்டு நூல் பிட் ஒண்டே ஒண்டுதான் கிடக்கு. அந்த ஒண்டாலதான் இந்த ரோட்டில ஓடுற பெட்டி முழுக்கக் கட்டினனான். உவருக்கு அரை அரையாப் பிட் வேணுமாம்.”

பிறகு கண்டாவளை அக்காவைக் கண்டார். அக்கா போல்ட் விலையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எங்களுடன் வந்திருந்தார். யாருக்கு யார் வேலை கொடுக்கப்போகிறார்கள் என்பது பட்டறைக்காரருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

“அக்கா, உவனிட்டயோ குடுக்கப் போறியள்? நல்லாக் குடுங்கோ. பெட்டி வயலுக்குப் போகும். திரும்பி வரேக்க பலகை ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். உவன்ர ஆக்கள் தேயிலைக் கொழுந்து பிடுங்கினவை அக்கா. கொழுந்து பிடுங்க மில்லிமீற்றர் என்னத்துக்கு?”

முதலாளி சிரித்தார். அவருடைய மகள் கல்குலேற்றரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூடினாலும் தோள் குலுங்கியது. நான் பிறந்தது இங்கே பக்கத்துத் தருமபுரத்தில். தேயிலைச் செடியை இன்றுவரை நேரில் கண்டதில்லை. என் அப்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிடுங்கிய கொழுந்துக்கு நான் அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கையில் ஆறரை மில்லிமீற்றர் பிட்.  அது விழுந்து கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. அவள் அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், “ரண்டு இலையும் ஒரு மொட்டும் எண்டு அளவாத்தான் அண்ணை கொழுந்து பிடுங்கிறது. அளவு பிழைச்சா நிறுவைக்கு எடுக்க மாட்டினம்,” என்றாள். “உங்கட பட்டறையில அப்பிடி ஒரு அளவு இருக்கோ?”

அவர் வெல்டிங் குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

நான் பதின்மூன்று வரை போகிற செட்டைத்தான் எடுத்தேன். பத்து மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பத்து மில்லிமீற்றர் ஓட்டை போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெயின்ற் அடித்த இரும்பில் அது இறங்காது. சுத்தியலால் அடித்தால் போல்ட்டின் மரை செத்துவிடும். பத்தரை வேண்டும். இரண்டாவது செட் பத்தோடு நின்றுவிடுகிறது. மரத்துக்கென்று நடுவில் ஊசி முனை உள்ள பிட்டுகளைத் தனியாக வாங்கினேன். இரும்புப் பிட்டைப் பலகையில் வைத்தால் நார் வழியே வழுக்கிப் போகும், அடிப்பக்கம் பிய்ந்துகொண்டு வரும். மரப் பிட் இரும்பில் ஒருமுறை பட்டாலும் ஊசி மழுங்கிவிடும். காசை மனைவி எண்ணிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று இன்னொரு முறை பெட்டியைத் திறந்து பத்தரை இருக்கிறதா என்று பார்த்தேன்.

வெளியே வந்ததும் அக்கா, “தம்பி, கோவிக்காதேங்கோ. நெல்லு வெட்டுக்கு முதல் எனக்குப் பெட்டி வேணும். ஆனா அவர் சொன்னதையும் யோசிக்கத்தானே வேணும். நாளைக்குச் சொல்லுறன்,” என்றார்.

யோசிக்கிறேன் என்று சொன்ன ஆட்கள் திரும்பி வருவதில்லை என்று எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தேன். மனைவி பின்னால் இருந்து பிட் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த மூன்று நூல் பிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். பழைய தச்சு வேலைக் கணக்கு. மூன்று நூல் என்றால் ஒன்பதரை மில்லிமீற்றர், கொஞ்சம் கூட. முந்தி நூல் கணக்குப் போல்ட் வந்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் மில்லிமீற்றர் போல்ட். பத்து மில்லிமீற்றர் போல்ட் மூன்று நூல் ஓட்டைக்குள் இறங்காது. அவர் அதற்குப் பிட் மாற்றவில்லை. மெசினை ஓடவிட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி ஆட்டச் சொல்வார். “ஆட்டடா, ஆட்டு, இன்னும் கொஞ்சம் ஆட்டு.” ஆட்ட ஆட்ட ஓட்டை வேப்பங்கொட்டை மாதிரி நீண்டு போகும். போல்ட் இறங்கும். பெயின்ற் அடித்துக் கொடுத்தால் பார்வைக்கு நல்ல பெட்டி. இரண்டு மாதம் வாய்க்கால் கட்டின் மேட்டுப் பாதையில் ஓடினால் பலகை டொக்கு டொக்கு என்று அடிக்கத் தொடங்கும்.

ஆட்கள் திரும்பி வந்து கேட்பார்கள். அப்போது அவர் என்னைக் கூப்பிட்டு அவர்களுக்கு முன்னால் நிறுத்துவார். “உவன்தான் துளைச்சவன். கை நடுங்கிற பொடியன். நான் என்ன செய்ய?” என் கை நடுங்குவது உண்மை. ஆட்கள் சத்தம் போட்டால் நடுங்கும். அவர் சத்தம் போட்டுவிட்டு, நடுங்குகிற கையைக் காட்டுவார். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குக் காட்டினார் என்று கணக்கில்லை.

கடைசியில் ஒருவருடைய பெட்டிப் பலகை கழன்று நெல் மூட்டைகள் தெருவோர வாய்க்காலுக்குள் விழுந்தன. அந்த மனிதன் பட்டறைக்கு வந்தான். அவர் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார். என் பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் முற்றத்தில் நின்று என்னைத் தூஷணத்தில் பேசினான். நான் அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. போகாததோடு முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு முடியவில்லை. நல்ல இரும்பில் கறள் பிடிக்கிற மாதிரி, மேலே பெயின்ற் கிடக்க, கீழே அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

கண்டாவளை அக்கா சொன்னபடி அடுத்த நாள் வந்தார். வந்து, இருக்காமல், நின்றபடியே சொன்னார். “கட்டுங்கோ தம்பி. ஆனா ஒரு லோட் நெல்லு ஏத்தி, வாய்க்கால் கட்டில ஓட்டிப் பாத்துத்தான் காசு தருவன்.”

“ஓம் அக்கா,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தப் பெட்டியில் நான் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் எனக்கு முகம் தெரியும். முதலில் பலகையை மேலே வைத்து மரப் பிட்டால் இறக்குவேன். பிட்டின் தண்டில் சிவப்பு ஒட்டு நாடா சுற்றியிருந்தேன். நாடா பலகையைத் தொட்டால் இரும்பு வரப்போகிறது, நிற்பாட்ட வேண்டும். பிறகு இரும்புக்கு ஐந்து மில்லிமீற்றர் பிட்டால் ஒரு வழி. அதன் மேல் பத்தரை. வேகத்தைக் கூட்டினால் பிட் நீலமாகிச் செத்துவிடும் என்பதால் மெல்ல, எண்ணெய் விட்டு விட்டு. இரும்பு சுருள் சுருளாக வெளியே வரும். ஒவ்வொரு சுருளும் வரும்போது நான் அவரைத்தான் நினைத்தேன். அவரை ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, இப்படி மெல்ல மெல்ல, எண்ணெய் விட்டு விட்டு, என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாக இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

நெல் ஏற்றி ஓட்டிய அன்று அக்கா பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். வாய்க்கால் கட்டில் மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கியது. நான் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு டொக்கு என்ற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என் நெஞ்சு. அக்கா திரும்பி வந்து, “என்ன தம்பி இது, சத்தமே இல்லை. பெட்டி பின்னால வருதோ, கழண்டு விழுந்திட்டுதோ எண்டு உழவு மெசின்காரன் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்,” என்றார். காசையும் அங்கேயே தந்தார். கடையில் அக்கா சிரித்ததை நான் மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பற்றி அவரிடம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வேலை வந்தது. அடுத்த வயல்காரர், அவருடைய மச்சான், பிறகு மணல் ஏற்றுகிற இரண்டு பேர். நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். எனக்கு அது காணாது. நான் நல்லாய் இருப்பது அவருக்குத் தெரிந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அவர் குனிய வேண்டும். அதுவும் ஆட்களுக்கு முன்னால்.

அடுத்த மாசி வெட்டுக்கு முன் அது தானாக வந்தது. அவருக்கு ஒரு கமக்காரர் சங்கத்திலிருந்து நான்கு பெட்டி கட்டுகிற வேலை கிடைத்திருந்தது. சங்கத் தலைவர் கிழவர், கொஞ்சம் விடாப்பிடியான ஆள். பெட்டியைப் பார்க்க வந்தவர் பெயின்றைப் பார்க்கவில்லை. போல்ட்டுகளைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்திருக்கிறார். ஆடியது. “இது சரிவராது. நாளைக்குப் பின்னேரம் வருவன். ஒண்டும் ஆடக்கூடாது. ஆடினா வேறை ஆளிட்டக் குடுப்பன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் ஓடிப்போய் கடையில் தங்க நிறச் செட்டை வாங்கினார். கறுப்பு முடிந்துவிட்டது, லொறி வர நாள் ஆகும் என்று முதலாளி சொன்னாராம். தங்கம் சட்ட இரும்பில் இரண்டு ஓட்டை போட்டு மூன்றாவதில் முறிந்தது. வவுனியாவுக்குப் போய் வாங்கலாம்தான். ஆனால் இரவல் கிடைக்கிற இடம் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குகிற ஆள் அவர் இல்லை.

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளை என் தகரக் கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்.

“என்ன தம்பி, வேலையள் எப்பிடி?”

பத்து வருடத்தில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.  முழு விசயத்தையும் அவரே சொன்னார். தலைவரைத் திட்டித் திட்டிச் சொன்னார். கடைசியில், “அந்தப் பிட் பெட்டியை ஒருக்காத் தா. நாளைக்குப் பின்னேரம் கொண்டந்து தாறன்,” என்றார்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஜாக், செயின் புளொக், பைப் றெஞ்ச், எது கேட்டாலும் கொடுக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. இல்லை என்று சொன்னவனுக்குப் பிறகு ஆபத்து அந்தரத்துக்கு ஒரு சுத்தியல்கூடக் கிடைக்காது. அது அவருக்குத் தெரியும். என்னால் இல்லை என்று சொல்ல முடியாது என்று தெரிந்துதான் வந்திருந்தார்.

நான் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தேன். நடுக்கம் தெரியக்கூடாது என்று துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“தாறதில ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை. ஆனா உங்கட ஆக்கள் ஆட்டித் துளைச்சுப் பழகினவை. ஆட்டினா இந்தப் பிட் முறிஞ்சிடும். நீங்கள் பெட்டியளை இஞ்ச கொண்டாங்கோ. நானே துளைச்சுத் தாறன்.”

“நாலையுமோ?”

“ஓம். துளைக்கிற கூலியை மட்டும் ஓட்டைக்கு இவ்வளவு எண்டு போடுவம்.”

இரவல் தர மறுத்தேன் என்று ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. உதவி செய்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “சரி,” என்றார். மோட்டார் சைக்கிள் மூன்றாவது உதையில்தான் ஸ்ரார்ட் ஆனது.

அவர் போனதும் பிட் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிட் முறிந்தால்? மெசின் புகைத்தால்? கரண்ட் நின்றால்? மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், “இஞ்சேருங்கோ, நீங்கள் பழி வாங்கிறதையும் பயந்து பயந்துதான் வாங்குவியள் போல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காலையில் அவர் வந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு உழவு இயந்திரம். ஆகவே ஒவ்வொரு பெட்டியாக முரசுமோட்டைச் சந்தி தாண்டி இழுத்து வந்து, விட்டுவிட்டு, திரும்பிப் போய் அடுத்ததை இழுத்து வர வேண்டும். சந்தித் தேத்தண்ணிக் கடையில் வெட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். முதலாவது பெட்டி போகும்போது ஒருவன் கத்தினான்.

“என்னண்ணை, புதுப் பெட்டி எங்க போகுது?”

“பெயின்ற் அடிக்க,” என்றாராம்.

இரண்டாவது போனது. “இதுக்கும் பெயின்றோ?” மூன்றாவது போனது. “அண்ணை, நாலுக்கும் காய்ச்சலோ? டொக்டர் முரசுமோட்டையிலயோ இருக்கிறார்?” நாலாவது வரும்போது கடையில் இருந்தவர்களில் சிலர் எழும்பிப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். என் கொட்டிலுக்கு முன்னால் பூவரசு நிழலில் குந்திக்கொண்டார்கள். நானே கேட்டு வரவழைத்திருந்தாலும் இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள்.

நான் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, பிட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக உருட்டினேன். தேவையில்லை. அவை நேராகத்தான் இருந்தன. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“கெதியாப் பாரன் தம்பி.”

“சீலை எடுக்கிற மாதிரித்தான் அண்ணை. பாத்துத்தான் எடுக்க வேணும்.”

பூவரசுக்குக் கீழே சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும்.

நீண்டுபோன பழைய ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, அவர் மெல்லிய குரலில், “இதை வெல்டிங்கால அடைச்சிட்டு அதிலேயே துளையன்,” என்றார்.

“வெல்டிங் பிடிச்ச இடம் கல்லு மாதிரி அண்ணை. பிட் போயிடும். பக்கத்தில புதுசாத் துளைக்கிறன்.”

அது உண்மை. அதோடு இன்னொன்றும் உண்மை. பலகை ஏற்றிய சட்டத்தில் பிறகு வெல்டிங் பிடிக்க முடியாது, பலகை எரியும். புது வட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் அந்த வேப்பங்கொட்டை ஓட்டை கிடக்கத்தான் வேண்டும். பெட்டி கறள் பிடித்துச் சாகும்வரைக்கும் கிடக்க வேண்டும். அவரும் அதை யோசித்தார் என்று முகத்தில் தெரிந்தது.

“எண்ணெய் விடுங்கோ அண்ணை,” என்றேன். எண்ணெய்க் கானை அவர் கையில் கொடுத்தேன். “கனக்க வேண்டாம். துளி துளியா. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு விடுங்கோ, பிட் தெரியாமல் விடுறியள்.”

அவர் குனிந்தார். காலையிலிருந்து பின்னேரம் வரை நான்கு பெட்டிக்கும் அவர் குனிந்து குனிந்து எண்ணெய் விட்டார். இடையில் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். “குடியுங்கோ அண்ணை. எங்கட ஆக்கள் பிடுங்கினது. கொஞ்சம் கயர்க்கும்.” அவர் வாங்கிக் குடித்தார். குடிக்காமல் எப்படி விடுவது, அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கை அன்றைக்கு நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

தலைவர் சொன்னபடி பின்னேரம் நேராக என் கொட்டிலுக்கே வந்தார். சந்தியில் விசாரித்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் ஆடவில்லை. “ம்,” என்றார். பிறகு சட்டத்துக்குக் கீழே குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார்.

“இது என்ன இன்னொரு ஓட்டை?”

 நான் மெசினிலிருந்து பிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“அது… முதல் துளைச்சது,” என்றார் அவர்.

“இப்பிடி நீட்டி நெளிச்சு ஆர் துளைச்சது?”

அவருடைய முகம் பழக்கத்தில் என் பக்கம் திரும்பியது. கையும் பாதி எழும்பியது. நான் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தேன். பூவரசுக்குக் கீழே இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் அவருடைய பட்டறையை விட்டுவந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வேறு ஒரு பெயரும் அவரிடம் மிச்சமில்லை. கையைக் கீழே போட்டார்.

“நான்தான்,” என்றார்.

“சத்தமாச் சொல்லும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்,” என்றார் தலைவர்.

“நான்தான் துளைச்சனான் ஐயா.”

அந்தச் சொல்லை நான் இப்போதும் வேலைக்கு நடுவில் எடுத்துப் பார்ப்பேன். எத்தனை தடவை பார்த்தாலும் தேயவில்லை.

அடுத்த தடவைக்கான பெட்டிகளைப் பற்றித் தலைவர் அவரிடம் கதைக்கவில்லை. என்னிடம் கதைத்தார். அவர் அதைக் கேட்டுக்கொண்டே முதல் பெட்டியைக் கொழுவிக்கொண்டிருந்தார். கூலியில் ஒரு பகுதியைத் தந்தார். மிச்சம் சங்கம் காசு கொடுத்ததும் தருவதாகச் சொன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால்தான் சொன்னார்.

சங்கம் காசு கொடுத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவர் வரவில்லை. முன்னெல்லாம் என் கொட்டிலைத் தாண்டித்தான் கண்டாவளைப் பக்கம் போவார். இப்போது வாய்க்கால் கட்டால் சுற்றிப் போகிறாராம். சந்திக் கடையில் ஆட்கள் அவரைக் கண்டால், “என்னண்ணை, டொக்டரின்ர பீஸ் குடுத்தாச்சோ?” என்று கேட்கிறார்களாம். அதனால் தேத்தண்ணி குடிக்கவும் அங்கே நிற்பதில்லையாம். என்னிடம் யாராவது கேட்டால் நான் நல்ல பிள்ளை போல், “பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ, வரேக்க தரட்டும்,” என்பேன். அது உடனே சந்திக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

மனைவி போய்க் கேட்கச் சொல்கிறாள். போக மாட்டேன். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் மெசினை நிற்பாட்டிவிட்டு எட்டிப் பார்க்கிறேன். முந்தி அவர் வந்து என்ன சொல்வாரோ என்று பயந்தேன். இப்போது காசோடு வந்துவிடுவாரோ என்று பயம். தந்துவிட்டால் அவர் நிமிர்ந்துவிடுவார். தராத வரைக்கும் அவர் எனக்குக் கடன்காரர். இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த கடன்காரர். இதை எழுதி முடிக்கிற இந்த நேரம்வரைக்கும் அவர் எனக்குத் தர வேண்டியது பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.